சிறிய சரளைக் குழி: அனுமதிக் கோப்பு, மண் கணக்கு, நிலமீட்பு

#1 அடிமண்

வணக்கம். ஒரு ஹெக்டேர் சதுர நிலம், 100 மீட்டருக்கு 100 மீட்டர். நடுவில் ஒரு சோதனைக் குழி போட்டுப் பார்த்தாச்சு: மேல்மண் 30 செ.மீ., அதுக்குக் கீழ களி கலந்த மண் 70 செ.மீ., அதுக்கும் கீழ 5 மீட்டர் நல்ல சரளை. நிலம் ஏறக்குறைய மட்டம். தோண்டி முடிச்சதும் விளைநிலமாத் திருப்பித் தரணும். 10,000 சதுர மீட்டர் × 5 மீட்டர் = 50,000 கனமீட்டர்னு விண்ணப்பத்துல போடலாமா? எதை முதல்ல தொடங்கணும்?

#2 அளவுச்சங்கிலி

50,000 போடாதீர்கள். அதில் பாதிகூடத் தேறாது.

முதலில் எல்லை இடைவெளி. எவ்வளவு விடவேண்டும் என்பது அந்தந்த இடத்து விதி. கணக்குக்கு நான்கு பக்கமும் 10 மீ. என்று வைத்துக்கொள்வோம். வெட்டக் கிடைப்பது 80 × 80 = 6,400 ச.மீ. அதுவும் தரைமட்டத்தில் மட்டும்தான், ஏனென்றால் கரை செங்குத்தாக நிற்காது. வேலை நடக்கும்போது செங்குத்து 1-க்குக் கிடை 1.5 என்ற சரிவு (ஏறக்குறைய 34 பாகை) வைத்தால், சரளை தொடங்கும் 1 மீ. ஆழத்தில் ஒரு பக்கம் 77 மீ., 6 மீ. ஆழத்தில் அடித்தளம் 62 மீ.

கனஅளவு = உயரம் ÷ 3 × (மேற்பரப்பு + அடிப்பரப்பு + இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்)
5 ÷ 3 × (5,929 + 3,844 + 4,774) = 24,245 கனமீட்டர்.

மூடியபின் நிற்கவேண்டிய சரிவு பெரும்பாலும் 1:3 என்று கேட்பார்கள். அந்தச் சரிவிலேயே முதலிலிருந்து வெட்டினால் மேலே 74 மீ., கீழே 44 மீ.; 17,780 கனமீட்டர்தான் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 6,465. அதை எடுக்கலாம், ஆனால் எடுத்த இடத்தை வேறு மண்ணால் நிரப்பியாகவேண்டும். அந்த மண் கையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எனவே மூடி முடித்த தரையின் வரைபடத்தை முதலில் போடுங்கள்; தோண்டும் வரைபடம் அதிலிருந்து பின்னோக்கி வரட்டும்.

அப்புறம், ஒரு சோதனைக் குழி போதாது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்தது ஐந்து: நான்கு கால்பகுதிகளில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. சரளைப் படுகையில் களி வில்லைகள் (நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் களித் திட்டுகள்) 20, 30 மீட்டரில் வந்து மறையும். ஒரே குழியில் அது தெரியாமலே போகும், இல்லையென்றால் அது மட்டுமே தெரியும். ஒவ்வொரு குழிக்கும் அடுக்கு ஆழம், நிறம், ஈரம், மிகப் பெரிய கல்லின் அளவு எல்லாம் குறியுங்கள்; குழி வாயின் மட்டத்தை எல்லைக்கல்லோடு இணைத்து அளந்து வையுங்கள். 63 மி.மீ. வரை கல் இருந்தால் சல்லடைச் சோதனைக்கு மட்டுமே ஒரு மாதிரிக்கு 40 கிலோ அளவில் வேண்டும். இரண்டு கிலோ பையில் கட்டி அனுப்பினால் ஒரு பெரிய கல் உள்ளே விழுந்ததா இல்லையா என்பதை வைத்தே முடிவு மாறிவிடும்.

#3 பக்கெட் பல்

மாதிரி எடுக்கிறதுல ஒண்ணு. சரிஞ்சு அடியில குவிஞ்சு கிடக்கிற குவியல்ல இருந்து அள்ளாதீங்க. பெரிய கல் உருண்டு கீழ வந்துடும், பொடி மேலேயே நிக்கும். பக்கெட்டால முகத்தைக் கீழிருந்து மேல வரைக்கும் ஒரே சீரா வழிச்சு, படுதாவுல கொட்டி, கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கை எடுக்கணும். குழிக்குள்ள ஆள் இறங்கவே கூடாது. இடுப்பளவுக்கு மேல ஆழம், பக்கத்துக்கு முட்டு இல்லன்னா சரளை சொல்லாம கொள்ளாம விழும்.

சங்கிலி சொன்ன கணக்குல சாய்தளம் விட்டுப்போச்சு. லோடு ஏத்தின டிப்பர் ஏற 1:10 வேணும். 6 மீட்டர் இறங்க 60 மீட்டர் நீளம்! உங்க குழி மொத்தமே 80. ஒருவழிப் பாதைன்னா மேல் அகலம் 6 மீட்டராவது, வெளிவிளிம்புல சக்கரத்து உயரத்துல பாதிக்குக் குறையாம மண் திட்டு. அந்தச் சாய்தளத்துக்கு அடியில மட்டும் ஆயிரம் கனமீட்டருக்கு மேல சரளை மாட்டிக்கும். கடைசியா பின்வாங்கிக்கிட்டே எடுக்கலாம், ஆனா எந்தப் பக்கம்னு இப்பவே முடிவு பண்ணணும்.

#4 கோப்புக்கட்டு

அனுமதி பற்றி. அலுவலகங்களின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிலம் யாருடையது, கனிமம் யாருடையது? இரண்டும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்பதில்லை; பல நாடுகளில் நிலம் உங்களுடையது, அடியில் இருப்பது அரசுடையது. அந்த நிலப் பயன்பாட்டு மண்டலத்தில் தோண்ட இடமுண்டா? சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டுமா, வேண்டுமானால் முழுமையா சுருக்கமா? தண்ணீர் எடுக்கவோ வெளியேற்றவோ போகிறீர்களா? பொதுச் சாலையில் எங்கே ஏறுகிறீர்கள், ஏறும் இடத்தில் இரண்டு பக்கமும் பார்வை எவ்வளவு தூரம்? தொல்லியல், கூடுகட்டும் பறவைகள், பாதுகாக்கப்பட்ட செடிகள் ஏதும் உண்டா? மூடுவது எப்படி, நீங்கள் மூடாமல் போனால் அதற்குப் பணம் எங்கே?

இதில் முதலாவதும் இரண்டாவதும் தெளிவாகாமல் சோதனைக் குழிக்கு மேல் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். மண்டலம் ஒத்துவராத நிலத்துக்கு எழுதப்படும் அழகான சுரங்கத் திட்டங்கள் ஏராளம்.

பிறகு ஒரு பக்க வரைபடம், ஒரு பக்கக் குறிப்போடு முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். எந்தெந்த ஆய்வு வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காலத்தைத் தின்பது அலுவலகம் என்று எல்லோரும் திட்டுவார்கள். உண்மையில் நீர்மட்ட அளவு ஒரு முழு ஆண்டு வேண்டும், பறவைக் கணக்கு இனப்பெருக்கப் பருவத்தில்தான் எடுக்கவேண்டும். இந்த இரண்டையும் விண்ணப்பம் போட்ட பிறகு தொடங்குகிறவர்கள்தான் ஓராண்டை இழக்கிறார்கள்.

பரப்பு வரம்பைத் தாண்டாமல் இருக்க நிலத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பெயரில் போடும் யோசனை யாராவது சொல்வார்கள். ஒட்டியிருக்கும் குழிகளைச் சேர்த்தே பார்க்கும் விதி பல இடங்களில் உண்டு. மாட்டினால் இரண்டும் போகும்.

#5 ஊற்றுக்கண்

மேலே யாரும் நிலத்தடி நீர்மட்டம் என்னவென்று கேட்கவில்லை. 6 மீ. ஆழம் வரையலாமா கூடாதா என்பதையே அதுதான் முடிவு செய்யும். அளந்தீர்களா?

#6 அடிமண்

பக்கத்துக் கிணத்துல பார்த்தோம், 8.5 மீட்டர்ல தண்ணி. வறண்ட காலத்துல பார்த்தது. குழி 6 மீட்டர்தானே, 2.5 மீட்டர் இடைவெளி இருக்கு.

#7 ஊற்றுக்கண்

இல்லை. உங்களுக்குத் தேவை தாழ்ந்த மட்டமன்று, ஆண்டின் உச்ச மட்டம். சரளைப் படுகையில் பருவத்துக்குப் பருவம் ஓரிரு மீட்டர் ஏறி இறங்குவது சாதாரணம். மழைக்குப் பின் 6.5-க்கு வந்தால், பொதுவாகக் கேட்கப்படும் 1 மீ. உலர் இடைவெளிக்காகவே தரை 5.5-இல் நின்றுவிட வேண்டும். அந்த அரை மீட்டரின் விலை ஏறக்குறைய 1,970 கனமீட்டர். அனுமதி வாங்கியபின் இது தெரிந்தால் வரவு செலவே புரண்டுவிடும்.

செய்யவேண்டியது: நிலத்திலேயே மூன்று கண்காணிப்புத் துளைகள், முக்கோணமாக, ஒரே நேர்கோட்டில் வராதபடி. மூன்று மட்டங்கள் இருந்தால்தான் நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கணிக்கலாம். 50 மி.மீ. குழாய் போதும், அடி 3 மீட்டரில் துளையிட்ட பகுதி, அதைச் சுற்றிச் சலித்த மணல், அதற்கு மேல் பென்டோனைட் (நீர் பட்டால் உப்பும் களி) அடைப்பு. அடைப்பு இல்லாவிட்டால் மழைநீர் குழாயோரமாக வழிந்து உள்ளே போய் பொய்யான மட்டத்தைக் காட்டும். மாதம் ஒருமுறை அளவு, பெருமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை. பயன்படுத்திக்கொண்டிருக்கும் கிணற்றில் அளந்தது கணக்கில் சேராது. மோட்டார் ஓடி நின்ற சற்று நேரத்தில் அளந்தால் மட்டம் தாழ்ந்தே காட்டும்.

நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டி, பம்ப் போட்டு வற்றவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரு தோராயக் கணக்கு. சிகார்ட் சூத்திரப்படி பாதிப்பு எட்டும் தூரம் = 3,000 × நீர்மட்ட இறக்கம் × ஊடுருவு வேகத்தின் வர்க்கமூலம் (மீட்டர், வினாடி அளவில்). சரளைக்கு ஊடுருவு வேகம் வினாடிக்கு 1 மி.மீ. என்று வைத்து 3 மீ. இறக்கினால் 285 மீ. தூரம். சுத்தமான சரளையில் வினாடிக்கு 1 செ.மீ. கூட வரும், அப்போது 900 மீ. ஒரு ஹெக்டேர் குழிக்காக இத்தனை அயலார் கிணறுகளுக்குப் பொறுப்பேற்பது மடமை.

நீரை வற்றவைக்காமல் ஈரத்திலேயே தோண்டிக் குளமாக விட்டுவிடுவது வேறு வழி. அதிலும் ஒரு விஷயம் மறக்கப்படுகிறது: நிலத்தடி நீர் சாய்வாக நிற்கிறது, குளத்து நீர் மட்டமாக நிற்கும். 80 மீட்டருக்கு அரை விழுக்காடு சாய்வென்றால் 40 செ.மீ. மேல்பக்கத்தில் நீர்மட்டம் 20 செ.மீ. இறங்கும், கீழ்ப்பக்கத்தில் 20 செ.மீ. ஏறும். கீழ்ப்பக்கத்து அயல் வயல் ஏற்கெனவே ஈரக் கசிவுள்ளதென்றால் வழக்கு நிச்சயம்.

#8 மேல்மண்

விளைநிலமாகத் திருப்பித் தரணும் என்றால் குளம் கதைக்கு ஆகாது, உலர் குழிதான். ஆனால் இங்கே இதுவரை எல்லோரும் சரளையை எண்ணினார்கள். மண்ணை யாரும் எண்ணவில்லை.

மேல்மண் 6,400 × 0.3 = 1,920 கனமீட்டர். அடுத்த 70 செ.மீ. அடிமண், சரிவைக் கழித்து, ஏறக்குறைய 4,265. இரண்டையும் தனித்தனியாக உரித்துத் தனித்தனியாகக் குவிக்கவேண்டும். கலந்துவிட்டால் பிரிக்க எந்த எந்திரமும் இல்லை. உரிப்பது மண் காய்ந்திருக்கும்போது மட்டும். கையில் பிடித்து உருட்டினால் திரியாக நீளும் ஈரம் என்றால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள், ஏனென்றால் அந்த ஈரத்தில் ஒருமுறை டயர் ஏறினாலே மண்ணின் துளைகள் அடைபடும். ஏற்கெனவே உரித்த மண்மேல் வண்டி ஓடவே கூடாது. எக்ஸ்கவேட்டர் பின்வாங்கிக்கொண்டே அள்ளி டிப்பரில் போட, டிப்பர் உரித்துமுடித்த கீழ்த்தளத்தில் நிற்கவேண்டும்.

இப்போது குவிக்க இடம் பாருங்கள். மேல்மண் வரப்பு 2 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது; அதற்கு மேல் போனால் உள்ளே காற்றில்லாமல் புழுங்கி உயிர் செத்துப்போகும். மேலே 1 மீ. அகலம், இரு பக்கமும் 1:2 சரிவு என்றால் அடி அகலம் 9 மீ., குறுக்குவெட்டு 10 ச.மீ. 1,920 கனமீட்டர் உதிர்ந்து பருத்தால் 2,300 ஆகும், 230 மீ. நீள வரப்பு. நீங்கள் விட்ட எல்லை இடைவெளி 10 மீ., நடுக்கோட்டுச் சுற்றளவு 360 மீ. அடிமண் 5,100 கனமீட்டருக்கு இடமே இல்லை. இடைவெளி முழுவதையும் வரப்பு அடைத்துக்கொண்டால் வேலிக்கும் வடிகாலுக்கும் வழியில்லை.

ஆக, மொத்த நிலத்தையும் ஒரே நாளில் உரிக்கும் திட்டம் காகிதத்திலேயே தோற்கிறது. 20 மீ. அகல நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள். முதல் பட்டையின் மண் மட்டும் வரப்பாகட்டும், கூடவே அது சத்தத்துக்கும் பார்வைக்கும் தடுப்பு. மூன்றாம் பட்டையை உரிக்கும்போது அந்த மண் நேராக முதல் பட்டையின் முடிந்த சரிவுக்குப் போகும். ஒருமுறை அள்ளி ஒரே முறை கொட்டிய மண்தான் நல்ல மண்.

வரப்பில் உடனே புல்லோ பயறு வகையோ விதையுங்கள். வெறுமனே விட்டால் களைவிதைக் களஞ்சியமாகிவிடும்.

#9 அளவுச்சங்கிலி

மேல்மண் #8-இல் கொடுத்த எண்ணை வைத்து மூடும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

1:1.5 சரிவில் வெட்டி 1:3 ஆக்க நிரப்பு மண் தேவை: 30,408 − 23,712 = 6,696 கனமீட்டர். அடித்தளத்தில் (44 × 44) சரளையின் மேல் வெறும் 30 செ.மீ. மேல்மண் போட்டால் பயிர் தாக்குப்பிடிக்காது, கீழே 70 செ.மீ. அடிமண்ணும் வேண்டும்: 1,355. மொத்தம் 8,051.

கையிருப்பு: அடிமண் 4,265, டோசர் சங்கிலி மட்டும் ஓட்டி அடுக்கினால் 8 விழுக்காடு பருத்து நிற்கும் என்று கொண்டால் 4,606. சலித்துக் கழிக்கும் பொடி, சரளையில் 8 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 1,940. கூட்டினால் 6,546. சுமார் 1,500 குறைகிறது.

வழி இரண்டு. ஒன்று, இறுதிச் சரிவை 1:2 ஆக ஒப்புக்கொள்ளச் செய்வது. அப்போது நிரப்ப 2,376, அடித்தளம் 56 × 56 ஆகி அதற்கு 2,195. மொத்தம் 4,571, கையிருப்பு அடிமண் 4,606. கழிவுப் பொடியைத் தொடாமலே சரிப்படுகிறது. ஆனால் 1:2 சரிவில் டிராக்டர் ஏறாது, புல்லும் மரமும்தான்.

இரண்டு, நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் முதலிலிருந்தே 1:3-இல் வெட்டுவது. நிரப்பத் தேவை கால்பங்கு, அதாவது சுமார் 1,670 குறையும். சரளையில் இழப்பு சுமார் 1,600. எடுப்பது 22,630 ஆகிறது, கழிவுப் பொடி 1,810. தேவை 6,377, கையிருப்பு 6,416. அந்தப் பக்கத்தைச் சாய்தளப் பக்கமாகவே வைத்துக்கொண்டால் பக்கெட் பல் சொன்ன சிக்கலும் பாதி தீரும்.

#10 பக்கெட் பல்

> தேவை 6,377, கையிருப்பு 6,416

நாப்பது கனமீட்டர்ங்கிறது மிச்சமா? அது மொத்தமே நாலு லோடு மண். ரோலர் போட்டு இறுக்கச் சொல்லி நிபந்தனை வந்தா அந்த 8 விழுக்காடு பருமன் போயிடும், அடிமண் தரையில இருந்த அளவைவிடவே குறைஞ்சு உட்காரும். குறைஞ்சது பத்து விழுக்காடு கூடுதல் கையில வச்சுத்தான் வரையணும்.

#11 அளவுச்சங்கிலி

சரிதான். இரண்டாவது பக்கத்தையும் பாதி நீளத்துக்கு 1:3-இல் வெட்டினால் தேவை மேலும் 830 குறையும். சரளையில் இன்னொரு 800 போகும், கழிவும் 65 அளவு குறையும். தேவை 5,550, கையிருப்பு 6,350. இப்போது 14 விழுக்காடு தாராளம். விண்ணப்பத்தில் 21,800 கனமீட்டர் என்று போடலாம். நீர்மட்ட அளவு வந்தபிறகு மறுபடி பார்க்கவேண்டும்.

#12 அடிமண்

50,000-ல தொடங்கி 21,800-க்கு வந்தாச்சு! சரி. அந்தக் கழிவுப் பொடியைக் கழுவித்தானே பிரிக்கணும்? கழுவு நீருக்கு எவ்வளவு பெரிய குட்டை வேணும்?

#13 ஊற்றுக்கண்

கழுவவேண்டிய கட்டாயம் உண்டா என்று முதலில் சல்லடை முடிவைப் பாருங்கள். 75 மைக்ரானுக்குக் கீழ் போகும் பொடி குறைவாக இருந்து, கல்மேல் களி ஒட்டாமல் இருந்தால் உலர் சலிப்பே போதும். கழுவாத குழிக்கு அனுமதிக் கோப்பு பாதியாக மெலியும்.

கழுவியே ஆகவேண்டும் என்றால் குட்டையின் பரப்புதான் கணக்கு, ஆழம் அன்று. ஸ்டோக்ஸ் விதிப்படி 20 மைக்ரான் துகள் அமையும் வேகம் வினாடிக்கு 0.36 மி.மீ. மணிக்கு 100 கனமீட்டர் நீர் வந்தால் தேவைப்படும் பரப்பு 77 ச.மீ.; சுழலும் காற்றும் இருப்பதால் இரட்டிப்பாக 150 வையுங்கள். 5 மைக்ரானைப் பிடிக்கவேண்டும் என்றாலோ அதே நீருக்கு 1,235 ச.மீ. துகள் நான்கில் ஒன்றானால் பரப்பு பதினாறு மடங்காகிறது. களித்துகள் அதைவிட நுண்ணியது. குட்டையைப் பெரிதாக்கி அதைப் பிடிக்க முயல்வது வீண், திரளச்செய்யும் மருந்துதான் வழி. உங்கள் சிறு குழிக்குள் இரண்டு குட்டைகள் மாறிமாறி இயங்கவேண்டும்: ஒன்று நிரம்பும்போது மற்றது வடிந்து வாரப்படும். நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும். நுழைவாய்க்கு எதிர்முனையில் வெளிவாய்.

கழுவிய வண்டலை ஈரமாகச் சரிவில் கொட்டலாம் என்று #9-இன் கணக்கை வைத்து யாரும் எண்ணிவிடாதீர்கள். அது கஞ்சியைப்போல வழிந்து அடித்தளத்துக்கு வந்துவிடும், வந்த இடத்தில் நீர் இறங்காத தகடாகப் படியும். விரித்து உலர்த்தி, அடிமண்ணோடு அடுக்கடுக்காகக் கலந்துதான் போடவேண்டும்.

#14 கோப்புக்கட்டு

இரண்டு இடத்தில் பலரும் கோட்டைவிடுவார்கள்.

வண்டி எண்ணிக்கை. 21,800 கனமீட்டர், கனமீட்டருக்கு 1.9 டன் என்றால் 41,400 டன். கழிவு போக 38,000 டன். 20 டன் வண்டிக்கு 1,900 லோடு. இரண்டு ஆண்டில், ஆண்டுக்கு 250 வேலை நாளென்றால், நாளைக்கு நான்கு லோடு. சாலைத் துறைக்கு அது நான்கு அல்ல, எட்டு நடை. காலி வண்டியும் கணக்கு. மேலும் சராசரியை மட்டும் எழுதினால் பெரிய ஆர்டர் வரும் வாரத்தில் இருபது லோடு போகும், முதல் புகாரே அன்றைக்குத்தான். உச்ச எண்ணையும் எழுதி அதற்கும் அனுமதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் எழுதிய எண் அப்படியே நிபந்தனையாகத் திரும்பி வரும் என்பதை நினைவில் வையுங்கள். வேலை நேரம், வண்டி வழி, ஆழம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்து பிணைத்தொகை, அதாவது நீங்கள் மூடாமல் போனால் அதற்கென்று முன்கூட்டியே கட்டிவைக்கும் பணம். நீங்கள் சொந்த எந்திரத்தில் மூடும் செலவைப் பார்த்து அதைக் கணிக்கமாட்டார்கள். நீங்கள் ஓடிப்போய், வேறொருவர் வாடகை எந்திரத்தோடு வந்து மூடினால் என்ன ஆகும் என்பதே அளவுகோல். அதுவும் குழி மிக விரிந்து திறந்துகிடக்கும் நாளின் நிலையில். மேல்மண் சொன்ன பட்டை முறையின் பணப்பயன் இங்கேதான்: ஒரே நேரத்தில் இரண்டு பட்டைக்கு மேல் திறந்திருக்காது என்று உறுதிகொடுத்தால் பிணையும் அந்த அளவுக்கு இறங்கும். முடிந்த பட்டையை அளந்து காட்டி, பகுதி விடுவிப்புக் கேட்கும் வாய்ப்பு உண்டா என்று முதலிலேயே கேட்டு நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது அரிது.

எண்ணெய்: சரளைத் தரையில் சிந்திய டீசல் நேராக நிலத்தடி நீருக்குப் போகும். குழிக்குள் நிரப்பவே வேண்டாம். மேலே, தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கும் கசியாத கட்டுக்குள் வையுங்கள். இது ஒரு வரிதான், ஆனால் இல்லாத விண்ணப்பம் திரும்பி வரும்.

#15 அடிமண்

வெளியில இருந்து மண்ணு, கட்டட இடிபாடு வாங்கிப் பழைய தரைமட்டம் வரைக்கும் நிரப்பிட்டா என்ன? சரிவுப் பிரச்சினையே இருக்காதே. கொட்டக் காசும் தருவாங்களாம்.

#16 கோப்புக்கட்டு

காசு தருகிறார்கள் என்றால் அது மண்ணல்ல, கழிவு. சரளைக் குழி அனுமதியோடு அது வராது. கழிவு கொட்டும் அனுமதி தனிக் கோப்பு, தனி மதிப்பீடு. சில இடங்களில் அடியில் களிப்படுகை பூசக்கூடச் சொல்வார்கள்.

#17 மேல்மண்

தொழில்நுட்பமாகவும் சொல்கிறேன். வேதிவினை இல்லாத, தோண்டியெடுத்த சுத்த மண் மட்டும் என்றால் பேசலாம். இடிபாட்டில் சுவர்ப் பலகையும் ஜிப்சம் பூச்சும் கட்டாயம் கலந்து வரும். ஜிப்சமும் மரத்தூள், வேர் போன்ற மக்கும் பொருளும் ஈரத்தில் காற்றில்லாமல் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்: அழுகிய முட்டை நாற்றம், செறிந்தால் ஆளைக் கொல்லும். ஒவ்வொரு லோடையும் தரையில் கொட்டி, பரப்பிப் பார்த்து, வந்த இடம் பதிவேட்டில் ஏறி, ஒவ்வாததைத் திருப்பி அனுப்ப ஆளிருந்தால் மட்டும் இந்த வழி. ஒரு ஹெக்டேர் குழியில் முழுநேரம் அதற்கு ஆள் போடமாட்டீர்கள்.

தரை 5, 6 மீட்டர் கீழே இருந்தாலும் நல்ல நிலமாக்கலாம். பிரச்சினை ஆழத்தில் இல்லை, இறுக்கத்தில். வண்டி ஓடி ஓடிச் சரளைத் தரை கற்காரைபோல இறுகியிருக்கும். அதன்மேல் மண் பரப்பினால் மழைநீர் நடுவில் தேங்கிப் பயிர் மஞ்சளாகும். வரிசை இப்படி: தரையை ஒரு பக்கமாக 1 விழுக்காடு சாய்த்துச் சீர்செய்து, 50 முதல் 60 செ.மீ. ஆழத்துக்கு ரிப்பரால் குறுக்கும் நெடுக்கும் கிழியுங்கள், தரை உலர்ந்திருக்கும்போது. ஈரத்தில் கிழித்தால் கத்தி போன தடம் மட்டும் பிளந்து மூடிக்கொள்ளும். பிறகு அடிமண்ணை ஒரே பரப்பாக எக்ஸ்கவேட்டரால் எட்டிப் போட்டு, அதையும் ஒருமுறை கிழித்து, கடைசியாக மேல்மண். பரப்பிய மண்மேல் டோசர் போய்வந்து இழைக்கக் கூடாது. மேடுபள்ளம் சிறிது இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று ஆண்டு உழவுப் பயிர் வேண்டாம். ஆழ வேர் விடும் புல்லும் பயறு வகையும் போட்டு, ஈரமான காலத்தில் மாடோ டிராக்டரோ இறக்காமல் வைத்திருந்தால் மண் மறுபடி கட்டமைப்புப் பிடிக்கும். விண்ணப்பத்தில் பராமரிப்புக் காலம் ஐந்து ஆண்டு என்று நீங்களே எழுதிவிடுங்கள், எப்படியும் அதைத்தான் கேட்பார்கள். கற்கள் மேலே கிளம்பும், பொறுக்கவேண்டும். சரிவில் ஓடை அரித்தால் அந்த மழைக்காலத்துக்குள் அடைக்கவேண்டும். 18 மீ. நீளச் சரிவுக்கு நடுவில் ஒரு சமஉயர வரப்பு போட்டால் அரிப்பு பெருமளவு குறையும்.

#18 பக்கெட் பல்

தோண்டும்போது ஒண்ணு ரெண்டு. முகத்தோட உயரம் எந்திரத்தோட கை எட்டுற அளவுக்கு மேல போகக் கூடாது. லோடரால அடியில குடைஞ்சு மேல இருக்கிறதைத் தானா விழவைக்கிற வேலை வேண்டாம். களிப் பட்டை குறுக்க ஓடினா மேல்பகுதி கூரை மாதிரி தொங்கி நின்னு, மொத்தமா வண்டிமேல விழும். 5 மீட்டர் சரளையை ரெண்டு படியா எடுங்க.

வாரக் கடைசியில முகத்தைச் செங்குத்தா விட்டுட்டுப் போகாதீங்க. குழந்தைகள் ஏறும், அது ஒரு காரணம். இன்னொண்ணு, கூடுகட்டுற காலத்துல பஞ்சுருட்டான், கரையில கூடு போடுற தகைவிலான் இனம் மாதிரிப் பறவைங்க அந்தச் செங்குத்து முகத்துலதான் பொந்து குடையும். முட்டை வச்சிட்டா பல நாடுகள்ல அந்தப் பக்கம் தொட முடியாது, குஞ்சு பறக்குற வரைக்கும் வேலை நிக்கும். பருவம் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லா முகத்தையும் சரிச்சு விட்டுட்டு, வேலைக்குத் தேவைப்படாத ஒரு மூலையில மட்டும் ஒரு செங்குத்து முகத்தை அதுங்களுக்குன்னு ஒதுக்கினா ரெண்டு பேருக்கும் தொந்தரவு இல்ல.

தூசிக்கு, வெளிச்சாலையில ஏறுறதுக்கு முந்தின 30 மீட்டரைக் கல் பாவி இறுக்குங்க, உள்ள வேகம் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல வேண்டாம். தண்ணி தெளிக்கிறது காலையில ஒருதடவை முழுக்க நனைக்கிறதைவிட, கொஞ்சம் கொஞ்சமாப் பலதடவை தெளிச்சாத்தான் சேறாகாது.

#19 அடிமண்

கண்காணிப்புத் துளைக்கு ஆள் சொல்லியாச்சு. மூணு துளையை எங்க போடணும்? குழிக்குள்ள வர்ற இடத்துல போட்டா வெட்டும்போது போயிடுமே.

#20 ஊற்றுக்கண்

வெட்டும் பரப்புக்கு வெளியே, அந்த 10 மீ. இடைவெளிக்குள் போடுங்கள், ஆனால் மண் வரப்பு வரும் இடத்தைத் தவிர்த்து. தரையின் சாய்வை வைத்து நீர் எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து, மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் இரண்டு. ஆழம் 12 மீ. வரை, வறண்ட கால மட்டம் 8.5 என்றதால் துளையிட்ட பகுதி அதற்குக் கீழும் எட்டவேண்டும், மழைக்கால ஏற்றத்தையும் பிடிக்க 6 மீட்டரிலிருந்தே தொடங்கட்டும், 3 மீ. நீளம் என்று மேலே பொதுவாகச் சொன்னது உங்களுக்குப் போதாது. குழாய் வாயின் மட்டத்தை அளவுச்சங்கிலி சொன்ன அதே எல்லைக்கல்லோடு இணைத்து அளந்து, குழாயிலேயே ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளவெடுங்கள். பூட்டும் மூடியும் கட்டாயம். குழியை மூடியபிறகும் பராமரிப்புக் காலம் முழுக்க இதே மூன்று துளைகளில்தான் அளவு கேட்பார்கள்.

#21 அளவுச்சங்கிலி

துளை போடும்போது வரும் மண் அடுக்கையும் குறித்து இங்கே போடுங்கள். மீதி நான்கு சோதனைக் குழிகளின் பதிவோடு சேர்த்தால் சரளையின் அடிமட்டம் உண்மையில் 6 மீட்டரில்தான் இருக்கிறதா என்று தெரியும். ஒரு மூலையில் 4.5 ஆக இருந்தால் சாய்தளத்தை அந்த மூலைக்கு மாற்றிவிடலாம்.